பிரைமர் தீர்ந்துபோன ஆண்டு

சுட்ட ஷாட்கன் (ரவைத் துப்பாக்கி) தோட்டாக்களின் கூடுகளை மறுபடி நிரப்பும் என் மறுநிரப்பு மேசையின் இடப்பக்கத் தட்டில், அடிபட்டதும் தீப்பொறி தந்து மருந்தைப் பற்றவைக்கும் பிரைமர்களின் பெட்டிகள் எப்போதும் செங்கல் அடுக்கியதுபோல இருக்கும். நூறு நூறாகப் பத்துப் பெட்டிகள் சேர்ந்தது ஒரு கட்டு. 2020-ஆம் ஆண்டின் பிற்பகுதியில் ஒரு மாலை அந்தத் தட்டில் கையைவிட்டபோது ஒரே ஒரு பெட்டிதான் தட்டுப்பட்டது; எண்ணிப் பார்த்தால் அதிலும் 84 பிரைமர்களே மிச்சம். மேசைக்கு அடியில் ஈய ரவை இரண்டு மூட்டை பிரிக்காமல் கிடந்தது, வெடிமருந்து டப்பாவில் பாதிக்கு மேல் இருந்தது, ஒருமுறை சுட்டுப் பொறுக்கிய வெற்றுக் கூடுகளோ ஒரு சாக்கு நிறைய இருந்தன. இவ்வளவும் இருந்தும், கட்டைவிரல் நகத்தைவிடச் சிறிய அந்த உலோகக் கிண்ணம் 84-க்கு மேல் இல்லை என்பதால், என்னிடம் இருந்தவை 84 தோட்டாக்கள் மட்டுமே என்று ஆகிவிட்டது.

ஷாட்கன் தோட்டாவை மறுபடி நிரப்பிப் பயன்படுத்துபவர்கள், தட்டுப்பாடு வந்தால் நமக்கு என்ன, கடைக்காரனைத்தானே அது பாதிக்கும் என்று எண்ணிக்கொண்டிருப்பது வழக்கம். நானும் அப்படித்தான் எண்ணியிருந்தேன். உண்மையில் நடப்பது இதற்கு நேர்மாறானது. பிரைமர் செய்யும் தொழிற்சாலைகள் உலகத்திலேயே கொஞ்சம்தான், அவற்றில் பெரும்பாலானவை தோட்டாவும் செய்கின்றன. தேவை பெருகும் காலத்தில் அவை தாம் செய்யும் பிரைமரை முதலில் தம் சொந்தத் தோட்டாக்களுக்கே எடுத்துக்கொள்ளும். மிஞ்சுவதுதான் உதிரியாக வெளியே வரும். ஆகவே தட்டுப்பாட்டு வரிசையில் கடைசியில் நிற்பவன் மறுநிரப்புபவன்தான். 2020-இல் அமெரிக்காவில் பெருந்தொற்றின் அச்சத்தில் முதன்முறையாகத் துப்பாக்கி வாங்கியோர் திரண்டு வந்த அதே ஆண்டில், ரெமிங்டன் நிறுவனம் ஜூலை மாதம் திவால் மனு கொடுத்தது. ஆர்கன்சாஸ் மாநிலத்தின் லோனோக்கில் இருந்த அதன் தோட்டாத் தொழிற்சாலை வேறு நிறுவனத்தின் கைக்கு மாறியது. கேட்பவர் கூடிய நேரத்தில் செய்பவர் குறைந்தால் என்ன நடக்குமோ அது நடந்தது.

இது புதிதும் அல்ல. இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்க விமானப்படையினர், பறக்கும் இலக்கை முன்கணித்துச் சுடும் பழக்கம் வரவேண்டும் என்பதற்காக, விமானத் துப்பாக்கி வீரர்களுக்கு ஷாட்கன் கொடுத்துக் களிமண் தட்டுகளைச் சுடவைத்தார்கள். போர்த்தேவை முன்னே நின்றதால் சாதாரண வேட்டைக்காரனுக்குத் தோட்டா அரிதானது. 2012 டிசம்பரில் அமெரிக்கப் பள்ளி ஒன்றில் நடந்த துப்பாக்கிச் சூட்டுக்குப் பின் சட்டம் இறுகும் என்ற அச்சத்தில் மக்கள் வாங்கிக் குவித்தபோதும், 2023-க்குப் பின் வெடிமருந்தின் மூலப்பொருளான நைட்ரோசெல்லுலோஸ் பீரங்கிக் குண்டுகளின் பக்கம் போனபோதும் தட்டுப்பாடு திரும்ப வந்தது. ஒவ்வொரு முறையும் காணாமல் போகும் பண்டம் மட்டும் மாறும். ஒருமுறை பிரைமர், ஒருமுறை மருந்து, ஒருமுறை ஈயம். அந்த ஒன்றின் இடத்தில் வேறெதையாவது வைத்துச் சமாளித்துவிடலாமே என்று மனிதனுக்குத் தோன்றுவது மட்டும் மாறுவதில்லை. எனக்கும் தோன்றியது. அதைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

தோட்டாவின் உள்ளே என்ன இருக்கிறது என்பதை நேரில் பார்க்காதவர்களுக்காக, நான் ஒன்றை வெள்ளைத்தாளின் மேல் வைத்து நீளவாட்டில் அறுத்த கதையைச் சொல்கிறேன். 12 போர் (குழலின் குறுக்களவைக் குறிக்கும் எண்; எண் கூடக்கூடக் குழல் சிறுக்கும்), 70 மில்லிமீட்டர் நீளம், பச்சை நிற பிளாஸ்டிக் கூடு. கத்தி முதலில் தொட்டது வாயின் மடிப்பை. எட்டு இதழாக உள்நோக்கி மடிந்து நடுவில் ஒரு புள்ளியில் கூடும் பூப்போன்ற மடிப்பு அது. அதைப் பிரித்ததும் ஈய ரவைகள் சரசரவென்று உருண்டு தாளை நிறைத்தன. 8-ஆம் எண் ரவை ஒன்றின் குறுக்களவு 2.29 மில்லிமீட்டர், 28 கிராம் நிறையில் ஏறக்குறைய 410 ரவைகள் இருக்கும். அவற்றைத் தாங்கி நின்றது ஒரு பிளாஸ்டிக் தக்கை. மேல்பாதி ரவையை ஏந்தும் கோப்பை, நடுவே நசுங்கி மீளும் கால்கள், அடியில் வாயுவை அடைத்து நிற்கும் கவிழ்ந்த கிண்ணம் என்று ஒரே வார்ப்பில் மூன்று வேலை செய்யும் பொருள் அது. தக்கையை எடுத்தால் அடியில் மெல்லிய தகடுகளாக வெடிமருந்து. அது எவ்வளவு கொஞ்சம் என்பதைப் பார்த்துத்தான் முதல்முறை நான் திகைத்தேன். ஒன்றரை கிராம்கூட இல்லை. உள்ளங்கையில் கொட்டினால் குழிகூட நிரம்பாது. அதற்கும் அடியில், உலோக அடிப்பாகத்தின் நடுவே, 209 என்ற எண்ணால் அழைக்கப்படும் பிரைமர். அந்த அடிப்பாகம் பித்தளைபோலத்தான் தெரிந்தது. காந்தத்தை நீட்டியதும் ஒட்டிக்கொண்டது. பித்தளை பூசிய எஃகு.

தாளின்மேல் கிடந்த பண்டங்களைப் பார்த்தால் தனித்தனிச் சரக்குகள்போலத் தெரியும், தனித்தனியாகத்தான் விற்கவும் செய்கிறார்கள். ஏமாற்றம் அங்கேதான் தொடங்குகிறது. கூடு, பிரைமர், மருந்து, தக்கை, ரவை, மடிப்பு ஆகிய ஆறும் சேர்ந்து ஒரே ஒரு பொருள். அந்த ஆறில் எந்த ஒன்றை மாற்றினாலும் கையில் இருப்பது வேறொரு தோட்டா. மறுநிரப்புக் கையேடுகளில் பார்த்தால், இந்த நிறுவனத்தின் இன்ன கூடு, இன்ன பிரைமர், இன்ன மருந்து இத்தனை கிரெய்ன் (மருந்தை நிறுக்கும் சிறு எடை அளவு), இன்ன தக்கை, இத்தனை ரவை என்று ஒரே வரியில் எழுதி, வரியின் முடிவில் வேகத்தையும் அழுத்தத்தையும் போட்டிருப்பார்கள். அந்த வரியை ஒரு சமன்பாடு என்று எண்ணி, ஒரு பக்கத்தில் ஒன்றைக் கழித்து மறுபக்கத்தில் ஒன்றைக் கூட்டிக்கொள்ளலாம் என்று பலர் நினைக்கிறார்கள். அது சமன்பாடு அல்ல. ஆய்வுக்கூடத்தில் அழுத்தமானி பூட்டிய குழலில் சுட்டுப் பார்த்து, இப்படிச் செய்தபோது இப்படி நடந்தது என்று எழுதிவைத்த சாட்சியம். சாட்சி சொல்லாததை நாம் அதிலிருந்து வருவித்துக்கொள்ள முடியாது.

ஏன் இவ்வளவு கறார் என்றால், காரணம் புகையில்லா மருந்தின் குணத்தில் இருக்கிறது. நைட்ரோசெல்லுலோஸில் செய்த மருந்து அழுத்தம் கூடக்கூட வேகமாக எரியும். வேகமாக எரிந்தால் அழுத்தம் மேலும் கூடும். ஒன்றையொன்று தூண்டிவிடும் இந்தச் சுழல், தக்கையும் ரவையும் நகர்ந்து இடம் கொடுக்கும் வேகத்தால் மட்டுமே கட்டுக்குள் நிற்கிறது. மடிப்பு எவ்வளவு நேரம் பிடித்துக்கொண்டிருந்தது, தக்கையின் கால்கள் எவ்வளவு நசுங்கின, அடிக்கிண்ணம் குழலை எவ்வளவு இறுக்கமாக அடைத்தது, பிரைமரின் தீநாக்கு எவ்வளவு நீண்டது என்பவை எல்லாம் ஆயிரத்தில் ஒரு பங்கு நொடிக்குள் அந்தச் சுழலின் போக்கைத் தீர்மானிக்கின்றன. 12 போரில் 70 மில்லிமீட்டர் தோட்டாவுக்கு அமெரிக்கத் தொழில்தரம் வகுத்திருக்கும் உச்ச அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 11,500 பவுண்டு. ரைஃபிள்களில் இது 60,000-ஐ எட்டுவது உண்டு என்பதால், ஷாட்கன் அழுத்தம் குறைவுதானே என்று அலட்சியமாகச் சொல்பவர்கள் இருக்கிறார்கள். குறைவான அழுத்தத்துக்கு ஏற்றபடிதான் ஷாட்கன் குழலையும் மெல்லியதாகச் செய்திருக்கிறார்கள் என்பதை அவர்கள் மறந்துவிடுகிறார்கள். மற்ற ஐந்தையும் அப்படியே வைத்துக்கொண்டு பிரைமரை மட்டும் மாற்றினால்கூட, அழுத்தம் ஆயிரம், இரண்டாயிரம் என்று ஏறி இறங்குவதைக் கையேட்டுப் பட்டியல்களிலேயே பார்க்கலாம்.

இந்த இடத்தில் பழைய காலத்தைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும், ஏனென்றால் கைக்குக் கிடைத்ததை வைத்து நிரப்பலாம் என்பவர்கள் எல்லோரும் முன்னோர்களைத்தான் சாட்சிக்கு அழைக்கிறார்கள். தாத்தா காலத்தில் செய்தித்தாளைக் கசக்கித் தக்கையாக வைத்தார்கள், மருந்தைக் கண்ணளவில் கொட்டினார்கள், ஒன்றும் ஆகவில்லையே என்பார்கள். அவர்கள் கொட்டியது கரிமருந்து. வெடியுப்பும் கந்தகமும் கரியும் கலந்த அந்தப் பழைய மருந்தின் எரிவேகம் அழுத்தத்தால் அவ்வளவாக மாறுவதில்லை. அதற்குக் கன அளவு பெரிது, ஆற்றல் குறைவு, தவறை ஓரளவு மன்னிக்கும் குணம் உண்டு. 1864-இல் பிரஷ்யப் படை அதிகாரி ஷுல்ட்ஸே மரத்துகளை நைட்ரேட் ஏற்றி ஷாட்கனுக்கான புகையில்லா மருந்தைக் கொண்டுவந்தார்; பின்னர் அடர்த்தி மிகுந்த புகையில்லா மருந்துகள் வந்தபோது, அதே கண்ணளவும் அதே கரண்டியும் கொலைக்கருவிகளாக மாறின. கரிமருந்தை அளந்த கிண்ணத்தில் புதுமருந்தை நிரப்பியவர்களின் குழல்கள் வாழைப்பூ விரிந்ததுபோல விரிந்தன.

அந்தக் குழப்பத்தின் எச்சம் இன்றும் அமெரிக்கத் தோட்டாப் பெட்டிகளின் மேல் இருக்கிறது. ‘3 டிராம் ஈக்விவலண்ட்’ என்று அச்சிட்டிருப்பார்கள். டிராம் என்பது 1.77 கிராம் நிறையுள்ள பழைய அளவு. மூன்று டிராம் என்றால் 5.3 கிராம். உள்ளே 5.3 கிராம் மருந்து இருக்கிறது என்று அதற்குப் பொருள் அல்ல, 5.3 கிராம் கரிமருந்து கொடுத்திருக்கக்கூடிய வேகத்தை இந்தத் தோட்டா கொடுக்கும் என்பதே பொருள். உள்ளே இருப்பதோ அதில் நான்கில் ஒரு பங்கு அளவுக்குத்தான். பெட்டியில் பார்த்த எண்ணை நம்பி 5.3 கிராம் புகையில்லா மருந்தை ஒருவர் அளந்துகொட்டினால் என்ன ஆகும் என்பதை எழுதத் தேவையில்லை. நூற்றாண்டுக்கு முன்பே விட்டொழித்திருக்க வேண்டிய இந்த அளவை ஏன் இன்னும் அச்சிடுகிறார்கள் என்பது எனக்கு விளங்காத விஷயங்களில் ஒன்று.

இப்போது என் கதைக்கு வருகிறேன். 84 பிரைமர்களை நான் எப்படிச் செலவழித்தேன் என்பது பெருமைப்படும்படி இல்லை. அந்தச் சமயம் பிரைமர் மட்டும் அல்லாமல், என் கையேட்டு வரியில் இருந்த தக்கையும் சந்தையில் இல்லாமல் போனது. வேறொரு தயாரிப்பின் தக்கை கிடைத்தது. நிறம் ஒன்று, கோப்பை அளவு ஒன்று, கூட்டுக்குள் விட்டால் வழுக்கிக்கொண்டு இறங்கியது. பக்கத்தில் வைத்துப் பார்த்தால் உயரத்தில் இரண்டு மில்லிமீட்டர் குறைவு, அவ்வளவுதான். மருந்து அதேதான், கூடும் அதேதான். அழுத்தம் கூடினால்தானே ஆபத்து, குட்டையான தக்கை அழுத்தத்தைக் கூட்டாதே என்று எனக்கு நானே வாதாடி வென்றேன். முதல் தோட்டாவின் மடிப்பை பிரஸ்ஸில் இட்டு அழுத்தியபோதே அது சொல்லிவிட்டது: இதழ்கள் தட்டையாக நிற்காமல் தட்டுக்குழிபோல உள்ளே அமுங்கி, நடுவில் ஊசி நுழையும் அளவுக்கு ஒரு துளை விட்டன. குலுக்கினால் உள்ளே ரவைகள் கிலுகிலுத்தன. பிரஸ்ஸின் கடைசி நிலையைச் சற்றுச் சரிசெய்து துளையை அடைத்தேன், கிலுகிலுப்பை அடைக்கவில்லை. அப்படியே ஐம்பது தோட்டாக்களை நிரப்பி முடித்தேன்.

மறுவாரம் பனி விலகாத ஒரு காலையில் சுடுதளத்தில் நின்றேன். எங்களுடன் சுடும் பெரியவர் ஒருவர் உண்டு. எழுபதைக் கடந்தவர், காகிதக் கூடுகளை நிரப்பிய காலத்திலிருந்து இந்த வேலையைச் செய்பவர். என் வலப்பக்கம் இரண்டடி தள்ளித் தம் முறைக்காகக் காத்திருந்தார். முதல் பன்னிரண்டு தோட்டாக்கள் ஒன்றுக்கொன்று சத்தம் மாறி மாறி ஒலித்தன. ஒன்று டப்பென்றும் ஒன்று டொப்பென்றும். பதின்மூன்றாவது தோட்டா ‘புஸ்’ என்றது. தோளில் உதையே இல்லை. குழல் வாயிலிருந்து சில ரவைகள் உதிர்ந்து புல்லில் விழுந்தன. தட்டு பறந்து தூரத்தில் தரையில் மோதி உடைந்தது. நான் வெட்கத்தில், யாரும் பார்ப்பதற்குள் அடுத்ததைச் சுட்டுவிட வேண்டும் என்ற அவசரத்தில், துப்பாக்கியை மடித்துப் பழைய கூட்டை எடுத்து எறிந்துவிட்டு அடுத்த தோட்டாவை அறைக்குள் இட்டேன். மூடும் முன் குழலின்மேல் ஒரு கை வந்து விழுந்தது.

“தம்பி, மூடாத. வெளிய எடு.”

எடுத்தேன். “ஒண்ணும் இல்லைங்க ஐயா, மருந்து கொஞ்சம் கம்மியா விழுந்திருக்கும்” என்றேன்.

“குழல்ல வெளிச்சம் தெரியுதான்னு பாரு.”

பார்த்தேன். தெரியவில்லை. தோட்டா அறைக்கு முன்னால் ஒரு சாண் தள்ளித் தக்கை சிக்கி நின்றுகொண்டிருந்தது. அறையின் சுவரெங்கும் எரியாத மருந்துத் தகடுகள் பொடிப்பொடியாக ஒட்டியிருந்தன. துப்பாக்கியைச் சாய்த்ததும் அவை என் கட்டைவிரல்மேல் கொட்டின, ஏதோ அரைகுறையாக வறுத்ததுபோல மஞ்சள் பாரித்து இருந்தன. பெரியவர் தம் பையிலிருந்து பித்தளைக் கம்பியை எடுத்துக் கொடுத்தார். குழல் வாய்வழியாக நுழைத்துக் கையால் ஓர் அழுத்து அழுத்தியதும் தக்கை அறைப் பக்கம் வந்து விழுந்தது. கொஞ்சமும் கருகாமல், பெட்டியில் இருந்ததுபோலவே வெள்ளையாக இருந்தது. அதற்குப் பின்னால் அடுத்த தோட்டாவைச் சுட்டிருந்தால், நகரும் ரவைத்தொகுதி நகராத தக்கையை மோதும் இடத்தில் குழல் புடைத்திருக்கும் அல்லது பிளந்திருக்கும். என் இடக்கை முன்கட்டையைப் பிடித்திருப்பது சரியாக அந்த இடத்தில்தான்.

அழுத்தம் கூடினால்தான் ஆபத்து என்ற என் வாதம் எங்கே தோற்றது என்பதை அன்றிரவு மேசையில் உட்கார்ந்து யோசித்தபோதுதான் பிடிபட்டது. குட்டைத் தக்கையால் ரவைத்தொகுதி தாழ்ந்தது. தாழ்ந்ததால் மடிப்புக்குப் பிடிமானம் இல்லாமல் போனது. மடிப்பு உடனே விட்டுக்கொடுத்ததால் மருந்து தன் சுழலைத் தொடங்கத் தேவையான அழுத்தத்தை எட்டவே இல்லை. குளிர் அதை மேலும் மந்தமாக்கியது. மருந்தைத் தராசில் நிறுத்துப் பார்த்தேன், அளவு சரியாகவே இருந்தது. பன்னிரண்டு தோட்டாக்கள் வெடித்தது தற்செயல், பதின்மூன்றாவது வெடிக்காததுதான் நியாயம் என்றுகூடச் சொல்லலாம். தக்கை கூட்டுக்குள் நுழைந்தது உண்மை. அது அந்தத் தோட்டாவுக்குப் பொருந்தவில்லை. இந்த இரண்டு வினைச்சொற்களுக்கும் நடுவே உள்ள தூரம்தான் என் இடக்கை.

மிச்சமிருந்த 37 தோட்டாக்களையும் ஒவ்வொன்றாக அறுத்துப் பிரித்தேன். ரவையைத் தனியாகச் சலித்து எடுத்துக்கொள்ளலாம். அறுத்த கூடு போனது போனதுதான். மருந்தைப் பழைய டப்பாவில் திரும்பக் கொட்டக் கூடாது என்பதால் வெட்டவெளியில் புல்மேல் மெல்லியதாகத் தூவிவிட்டேன். பிரைமர்களை மட்டும் பிரஸ்ஸில் மெதுவாக அழுத்தித் திரும்ப எடுத்துவிடலாமா என்று ஒரு சபலம் வந்தது. உயிருள்ள பிரைமரைக் கூட்டிலிருந்து தள்ளி எடுப்பது என்ன வகை முட்டாள்தனம் என்பது எனக்கு நன்றாகவே தெரியும். 37 பிரைமர்கள், அதுவும் அந்த ஆண்டில்! பிளாஸ்டிக்கை வெட்டி எறிந்த அடிப்பாகங்களை எண்ணெயில் ஊறப்போட்டுவிட்டு விளக்கை அணைத்தேன்.

தட்டுப்பாட்டில் செய்யக்கூடிய சிக்கனம் ஒன்றுமே இல்லை என்று சொல்லமாட்டேன். இருப்பவற்றில் மிகச் சிறந்தது ரவையின் அளவைக் குறைப்பது, அதாவது குறைந்த ரவைக்கென்றே சோதித்து எழுதப்பட்ட வேறொரு முழு வரிக்கு மாறுவது. ஒலிம்பிக் போட்டிகளிலேயே 24 கிராம் ரவைதான் அனுமதி. அதை வைத்துத்தான் அவர்கள் உலக சாதனைகளைச் செய்கிறார்கள். 11.3 கிலோ எடையுள்ள ஒரு மூட்டை ஈயத்தில் 28 கிராமாக நிரப்பினால் 400 தோட்டாக்கள் வரும். 24 கிராமாக நிரப்பினால் 470 வரும். தோளுக்கும் நல்லது. நான் மாறியபின் என் கணக்கில் தட்டுகள் குறையவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். குறைந்திருந்தால் சொல்லியிருப்பேனா என்பது வேறு.

இரண்டாவது, சுடுதளத்து மண்ணிலிருந்து சலித்தெடுத்த பழைய ஈயத்தை வாங்குவது. கழுவி, உருட்டி, கிராஃபைட் தூவி விற்பார்கள். பார்க்கக் கருகருவென்று இருக்கும். அளவுகள் கலந்தும் ஓரங்கள் தட்டையாகவும் இருப்பதால் தொலைவில் பரவல் சற்று ஒழுங்கற்று இருக்கும், அருகில் தெரியாது. நான் வாங்கிய முதல் மூட்டையைத் தட்டில் பரப்பி மேலே காந்தத்தை நகர்த்தியபோது, எஃகு ரவைகள் சிறு தாடிபோல அதில் தொங்கின. யாரோ பயிற்சிக்கு எஃகு ரவை சுட்டிருக்கிறார்கள். எஃகின் அடர்த்தி 7.8, ஈயத்தின் அடர்த்தி 11.3, எஃகு நசுங்காது, அதற்கான தக்கையும் மருந்தும் வேறு. ஈயத்துக்கு எழுதிய வரியில் எஃகு ரவையையோ பேரிங் குண்டுகளையோ இட்டால் அழுத்தம் ஏறுவதோடு, குழல் வாயில் சற்றுக் குறுகும் சோக் பகுதியையும் அவை உள்ளிருந்து பிதுக்கும். ஆகவே காந்தம் என் மேசையின் நிரந்தரக் கருவியாகிவிட்டது. ஈயத்தைத் தொட்ட கையைக் கழுவாமல் எதையும் வாயில் வைக்கக் கூடாது என்பதையும் இங்கேயே சொல்லிவைக்கிறேன். மெதுவாகச் சேரும் நஞ்சு அது.

இதற்கு அப்பால் உள்ளவை எல்லாம் சமாளிப்பு அல்ல, சூதாட்டம். தீக்குச்சி மருந்தை வைத்துப் பழைய பிரைமருக்கு உயிர் கொடுக்கலாம் என்பவர்களை அந்த ஆண்டில் நிறையக் கேட்டேன். 1807-இல் ஸ்காட்லாந்துப் பாதிரியார் அலெக்சாண்டர் ஃபோர்சைத், அக்காலத் துப்பாக்கியின் பற்றுமருந்துக் கிண்ணியில் தெறிக்கும் பொறியைப் பார்த்துப் பறவைகள் தப்பிவிடுகின்றன என்பதற்காக, அடித்தால் தீப்பிடிக்கும் மருந்தைத் துப்பாக்கிக்குக் கொண்டுவந்து காப்புரிமை பெற்றார். அன்றிலிருந்து இன்றுவரை, அடிவாங்கினால் மட்டும் வெடித்து மற்ற நேரம் அமைதியாக இருக்கும் ஒரு கலவையைத் தேடுவதே இந்தத் தொழிலின் பெரும்பாடு. பாதரச ஃபுல்மினேட் போய், குளோரேட் போய், ஈய ஸ்டிஃப்னேட் வந்தது வரை எத்தனையோ விரல்கள் அந்தத் தேடலில் போயிருக்கின்றன. தீக்குச்சியில் இருப்பதும் குளோரேட்தான். உராய்ந்தால் பற்றுவதற்கென்றே செய்த ஒன்றை, உராயாமல் ஒரு கிண்ணத்துக்குள் குத்தி நிரப்ப முடியும் என்று நம்புபவருக்கு நான் சொல்ல எதுவும் இல்லை. அப்படியே வெடித்தாலும் குளோரேட் விட்டுச்செல்லும் உப்பு ஓரிரு நாளில் குழலைத் துருவாக்கிவிடும்.

1930-களின் பெருமந்தக் காலத்தில், பறவைத் தோட்டா வாங்கவே காசில்லாதவர்கள், அதைக் கத்தியால் கீறிப் பெரிய விலங்குக்கான ஒற்றைக்குண்டாக மாற்றிக்கொண்டதாகப் பெருமையாகச் சொல்வார்கள். கீறிய கூட்டின் முன்பாதி குழலுக்குள்ளோ சோக்கிலோ நின்றுபோனவர்களின் கதையைச் சொல்ல ஆளில்லை. 20 போர் தோட்டாவை 12 போரில் போட்டுச் சுடலாமா என்றும் ஒருவர் கேட்டார். அவருக்கு மட்டும் பெரியவர் பொறுமையாகப் பதில் சொன்னார். 12 போரின் குழல் 18.5 மில்லிமீட்டர், 20 போர் 15.6. சிறியது அறையைத் தாண்டி வழுக்கிப்போய் முன்னாலுள்ள கூம்பில் நிற்கும். அறை காலியாகத் தெரிவதால் அடுத்து ஒரு 12 போர் தோட்டாவையும் இடமுடியும். இரண்டும் ஒன்றன்பின் ஒன்றாக நிற்கும்போது விசை அழுந்தும். 20 போர் கூடுகளை மஞ்சள் நிறத்தில் செய்வதே இதற்காகத்தான். சட்டைப்பையில் இரண்டையும் கலந்து வைத்திருப்பவனைக் கண்டால் அந்தச் சுடுதளத்தில் யாரும் பக்கத்தில் நிற்கமாட்டார்கள்.

பெரியவரிடம் ஒரு தகர டப்பா உண்டு. அதில் அவர் இளவயதில் நிரப்பிய காகிதத் தோட்டாக்கள் இருபதோ என்னவோ இருந்தன. மெழுகும் பழைய மருந்தும் கலந்த ஒரு வாசம் மூடியைத் திறந்ததுமே எழும். ஈரம் ஏறிப் புடைத்துப்போனதால் அவற்றில் சில இன்று எந்த அறைக்குள்ளும் நுழையாது. ஒவ்வொன்றின் வாயிலும் மூடியாக ஓர் அட்டை வில்லை. அதன்மேல் பென்சிலால் மருந்தின் பெயர், அளவு, தேதி. தட்டுப்பாட்டு ஆண்டில், அவற்றையாவது சுடலாமே என்று நான் ஒருமுறை கேட்டேன். ஒன்றை எடுத்துக் காட்டினார். அதன்மேல் எழுத்து அழிந்துபோயிருந்தது. “இதுல என்ன போட்டேன்னு எனக்கு ஞாபகம் இல்ல தம்பி” என்று சொல்லிவிட்டு மூடிவைத்தார்.

2022-இன் நடுவில் எனக்கு ஒரு கட்டுப் பிரைமர் வந்து சேர்ந்தது. முன்பதிவு செய்து பதினெட்டு மாதம் ஆகியிருந்தது, விலை இரண்டு மடங்குக்கு மேல். பெட்டியைப் பிரித்தபோது, நான் கேட்ட தயாரிப்பு அல்ல அது. எண் அதே 209, அளவும் அதே, கூட்டின் துளையில் பிசகில்லாமல் அமர்கிறது. என்னிடம் இருக்கும் மருந்தையும் தக்கையையும் இந்தப் பிரைமரோடு சேர்த்துச் சோதித்த வரி ஏதாவது இருக்கிறதா என்று இரண்டு கையேடுகளில் தேடினேன். மருந்து செய்யும் நிறுவனத்துக்கும் எழுதிக் கேட்டேன். மேசையின் இடப்பக்கத் தட்டில் ஆயிரம் பிரைமர்களும் செங்கல்போல அடுக்கியபடியே இருக்கின்றன. பதில் வரட்டும்.